பஸ் ஏறினால் காடு!

திருப்பூர்ச் சகோதரிகளே, உங்களிடம் ஒரு கேள்வி. கடைசியாக நீங்கள் ஒரு மரத்தடியில், கையில் வேலை ஒன்றும் இல்லாமல், சும்மா உட்கார்ந்திருந்தது எப்போது?

யோசிக்கிறீர்கள். பதில் சட்டென்று வராது என்பது எங்களுக்கும் தெரியும். பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மிஷின் முன்னால் உட்கார்ந்தாலும் சரி, செக்கிங் மேஜையில் நின்றாலும் சரி, வீட்டில் அடுப்பைக் கட்டிக்கொண்டு அழுதாலும் சரி, வாரத்தில் ஆறு நாள் எப்படி ஓடுகிறது என்றே தெரிவதில்லை. அவசர ஆர்டர் என்றால் ஒன்றரை ஷிப்டு. சனிக்கிழமை சம்பளம். ஞாயிற்றுக்கிழமை இருக்கிறதே என்கிறீர்களா? அது ஆண்பிள்ளைகளுக்கு விடுமுறை. பெண்களுக்கு ஆறு நாள் பாக்கியை அடைக்கிற நாள். மலைபோல் துணி, குழந்தைகளுக்கு எண்ணெய்க் குளியல், மத்தியானம் கறிச் சாப்பாடு. முடிந்து நிமிர்ந்தால் பொழுது சாய்ந்திருக்கும்.

ஒரு நாள் துணிந்து நீங்கள் பேச்சை எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம்.

"ஏனுங்க, வர்ற ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு மலைப் பக்கம் போயிட்டு வரலாமுங்களா?"

"கார் இல்லாம மலைக்குப் போறதா? நடக்கிற காரியமா அம்மணி அது?"

அவர் சொல்வது ஒரு விதத்தில் மெத்தச் சரி. இது நடக்கிற காரியமேதான்! பஸ்ஸில் போய் இறங்கி, அங்கிருந்து காலால் நடக்கிற காரியம். கார் வேண்டாம், ஓட்டல் அறை வேண்டாம், பெரிய மலையேறும் வித்தையும் வேண்டாம். பஸ் டிக்கெட்டும், கட்டுச்சோறும், கொஞ்சம் முன்யோசனையும் போதும்.

2009-ல் கோயம்புத்தூர், ஈரோடு மாவட்டங்களிலிருந்து பிரித்துத் திருப்பூர் மாவட்டத்தை அமைத்தபோது, வடக்கே பனியன் நகரமும் தெற்கே ஆனைமலைத் தொடரின் ஒரு பகுதியும் ஒரே மாவட்டத்துக்குள் வந்து சேர்ந்தன. 2007-ல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட ஆனைமலைக் காட்டின் உடுமலை, அமராவதி வனச்சரகங்கள் இந்த மாவட்டத்தில்தான் இருக்கின்றன. அதாவது, உலகத்துக்கெல்லாம் பனியன் தைத்து அனுப்புகிற நீங்களும் அந்தக் காட்டுப் புலியும் ஒரே கலெக்டரின் ஆளுகைக்கு உட்பட்டவர்கள்! இருந்தும் நம்மில் எத்தனை பேர் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்திருக்கிறோம்?

அரை நாள் போதும்: நஞ்சராயன் குளம்

முதலில் கிட்டத்தில் இருப்பதைச் சொல்லிவிடுகிறோம். ஒரு முழு நாள் ஒழியாது என்கிறவர்கள் ஒரு காலை வேளையை ஒதுக்கினால் போதும். திருப்பூரிலிருந்து ஊத்துக்குளி ரோட்டில் சர்க்கார் பெரியபாளையம் பக்கம் இருக்கிறது நஞ்சராயன் குளம். டவுன் பஸ்ஸிலேயே போய் இறங்கலாம். 2021 மே மாதத்தில் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்த பிறகு, கம்பெனிக்கும் சந்தைக்கும் போய் வருகிற அதே பஸ்ஸில் ஒரு நாள் பறவை பார்க்கவும் போகலாம் என்று ஆயிற்று.

நஞ்சராயன் என்கிற அரசர் பல நூற்றாண்டுகளுக்கு முன் செப்பனிட்ட குளம் என்பது வழிவழியாக வருகிற செய்தி. சுமார் 125 ஹெக்டேர் பரப்பு, அதாவது 300 ஏக்கருக்கு மேல். நல்லாற்றில் வருகிற நீர்தான் இதற்கு ஆதாரம். 2022-ல் தமிழ்நாட்டின் 17-வது பறவைகள் சரணாலயமாக இதை அறிவித்தார்கள். 2024 ஆகஸ்டில் அதைவிடப் பெரிய கௌரவம் வந்தது. ஈரானில் ராம்சார் என்று ஓர் ஊர். அங்கே 1971-ல் உலக நாடுகள் கூடி, நீர்நிலைகளைக் காப்பதற்காக ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. அந்த உடன்படிக்கையின் கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்று நம் ஊர்க் குளமும் பட்டியலில் ஏறிவிட்டது!

குளத்திலும் சுற்றுப்புறத்திலும் 191 வகைப் பறவைகளும், 87 வகை வண்ணத்துப்பூச்சிகளும் பதிவாகியிருக்கின்றன. வலசை வருகிறவற்றில் வரித்தலை வாத்து என்று ஒன்று. வெள்ளைத் தலையில் இரண்டு கறுப்புக் கோடுகள் போட்டுக்கொண்டு, நெற்றிப் பட்டை அழிந்தது போல இருக்கும். மங்கோலியா, திபெத் முதலிய இடங்களில் குஞ்சு பொரிக்கிற பறவை இது. குளிர்காலத்தில் இமயமலையையே பறந்து கடந்து தெற்கே வருகிறது. அத்தனை தூரம் பறந்து வந்து, சாய ஆலைகளும் பனியன் கம்பெனிகளும் சூழ்ந்த ஓர் ஊரின் குளத்தில் இறங்குகிறதென்றால், நாம் நாலு மைல் பஸ்ஸில் போய்ப் பார்க்காமல் இருப்பது நியாயமா?

நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல பருவம். வெயில் ஏறுவதற்குள் போய்விட வேண்டும். கரை மேல் நடந்தால் போதும். சத்தம் மட்டும் கூடாது. பிள்ளைகள் கல் எறியாமல் பார்த்துக்கொள்வது தாய்மார் பொறுப்பு.

இந்தக் குளத்தைப் பார்க்கும்போது நொய்யலையும் நினைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவையையும் திருப்பூரையும் தொட்டுக்கொண்டு, கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கிற ஆறு அது. சாயக் கழிவு கலந்து கலந்து, பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையே சாயத் தண்ணீர்த் தொட்டியாக மாறிய கதை உங்களுக்குத் தெரியும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூடும்படி உத்தரவிட்டது. கழிவு நீரில் ஒரு சொட்டுக்கூட வெளியே விடாத ஏற்பாட்டுக்கு வந்த பிறகே ஆலைகள் திரும்ப ஓட முடிந்தது. அந்த மாதங்களில் எத்தனை வீடுகளில் அடுப்பு எரிவது கஷ்டமாயிற்று என்பதைப் பெண்கள் மறந்திருக்க மாட்டார்கள். தண்ணீரைக் கெடுத்தால் பிழைப்பும் கெடும் என்பதைத் திருப்பூரைப் போலக் கண்ணால் கண்ட ஊர் வேறு இல்லை. ஆகவே தண்ணீர் பிறக்கிற மலைப் பக்கத்தையும் ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வருவது வெறும் உல்லாசப் பிரயாணம் ஆகாது.

திருமூர்த்தி மலைப் பாதை

சரி, ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை கிடைத்துவிட்டது. விடியற்காலை பஸ்ஸில் உடுமலைப்பேட்டைக்குக் கிளம்புங்கள். பல்லடம் வழியாக ஏறக்குறைய இரண்டு மணி நேரப் பிரயாணம். தென்னந்தோப்புகளும், சுற்றுகிற காற்றாலைகளும் வந்துவிட்டால் உடுமலை வரப்போகிறது என்று அர்த்தம். அங்கே இறங்கித் திருமூர்த்தி மலை பஸ் பிடித்தால் சுமார் 20 கிலோமீட்டர். பஸ் மலையடிவாரம் வரையில் போகிறது.

அடிவாரத்தில் அமணலிங்கேசுவரர் கோயில். பிரம்மா, விஷ்ணு, சிவன் மூவரும் ஒரே பாறையில் எழுந்தருளியிருப்பதால் திருமூர்த்தி மலை என்று பெயர். கோயிலை ஒட்டியே பாலாறு ஓடுகிறது. மேலே மலையில் நல்ல மழை பெய்துவிட்டால், ஆறு கோயிலுக்குள்ளேயே வந்துவிடும்!

பக்கத்தில் திருமூர்த்தி அணை. பரம்பிக்குளம் - ஆழியாறு திட்டத்தின் ஓர் அங்கம் இது. மேற்கே ஓடி அரபிக் கடலில் விழுகிற ஆறுகளின் நீரை மலைக்குள் குகை குடைந்து, வாய்க்கால் வெட்டி, கிழக்கே திருப்பிக்கொண்டு வந்த அற்புதமான வேலை அந்தத் திட்டம். பல்லடம், பொங்கலூர் பக்கம் தோட்டம் வைத்திருக்கிற உங்கள் சொந்தக்காரர்கள் "பி.ஏ.பி. தண்ணி எப்போ விடுவாங்க?" என்று கேட்பார்களே, அந்தத் தண்ணீர் இந்த அணையிலிருந்துதான் புறப்படுகிறது.

கோயிலிலிருந்து பஞ்சலிங்க அருவிக்கு மலைப்பாதை ஏறுகிறது. சாவகாசமாக ஏறினால் முக்கால் மணி ஆகலாம். வழியெல்லாம் மர நிழல். குரங்குகள் உங்கள் பையைக் குறி வைத்துக் கூடவே வரும். இடுப்பு வலிக்கிறது, முழங்கால் வலிக்கிறது என்கிறவர்கள் ஆற்றோரம் உட்கார்ந்துகொள்ளலாம், குற்றம் ஒன்றுமில்லை.

ஆனால் ஓர் எச்சரிக்கை. இந்த அருவியை நம்பி ஏமாறக் கூடாது. கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும். மேலே காட்டுக்குள் மழை கொட்டிக்கொண்டிருக்கும். கண் மூடித் திறப்பதற்குள் செம்மண் நிறத்தில் வெள்ளம் வந்துவிடும். தண்ணீர் திடீரென்று கலங்கினாலும், சருகும் குச்சியும் மிதந்து வந்தாலும், இரைச்சல் மாறினாலும் உடனே கரையேற வேண்டும். "இன்னும் ஒரே ஒரு நிமிஷம்" என்பதே கூடாது. மழைக்காலத்தில் பாதையை மூடிவிடுவார்கள். மூடியிருந்தால் காவலரிடம் மல்லுக்கு நிற்காமல் சுவாமியைத் தரிசித்துவிட்டுத் திரும்புங்கள். அருவி அடுத்த மாதமும் அங்கேதான் இருக்கும்.

இந்த மலை மேல் மனிதர்களும் வாழ்கிறார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. குருமலை, குழிப்பட்டி, மாவடப்பு, ஈசல்திட்டு என்று காட்டுக்குள் பழங்குடிக் குடியிருப்புகள் இருக்கின்றன. நமக்கு ஒரு நாள் உல்லாசமாக இருக்கிற மலை நடை, அவர்களுக்கு ரேஷனுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகிற நடை. பிரசவ வலி கண்ட பெண்களைத் தூளி கட்டித் தோளில் சுமந்து மலையிறக்கியதாகச் செய்தித்தாள்களில் ஒரு தடவை அல்ல, பல தடவை வந்திருக்கிறது. ரோடு வேண்டும் என்று அந்த ஜனங்கள் பல வருஷங்கள் கேட்டுக் கேட்டு அலைந்தார்கள். இரண்டு பிள்ளை பெற்ற எந்தத் தாயும் அந்தப் பாதையில் பத்து நிமிஷம் ஏறிப் பார்த்தால் போதும். தூளியில் கிடந்தவளின் பாடு என்னவென்று வேறு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டாம்.

சின்னாறும் கூட்டாறும்

மூன்றாவது வழி இன்னும் கொஞ்சம் தூரம், ஆனால் விசேஷமானது. உடுமலையிலிருந்து மறையூர், மூணாறு போகிற பஸ்ஸில் ஏறுங்கள். வண்டிகள் அதிகம் இல்லை. நேரத்தை முன்கூட்டி விசாரித்துக்கொள்ள வேண்டும். அமராவதி நகரைத் தாண்டினால் ஒன்பதாறு சோதனைச் சாவடி. அதற்கப்புறம் இரண்டு பக்கமும் காடுதான்.

அமராவதியிலேயே இறங்கி விட்டால் அணையும் முதலைப் பண்ணையும் பார்க்கலாம். கிட்டத்தட்ட ஐம்பது வருஷமாக நடக்கிற பண்ணை அது. முதலைகள் வாயைப் பிளந்துகொண்டு அசையாமல் கிடப்பதைக் கண்டு, "பொம்மையா அம்மா?" என்று குழந்தைகள் கேட்கும். பொம்மை அல்ல. அணை நீரிலும் அதற்கு வந்து சேருகிற ஆறுகளிலும் இதே ஜாதி முதலைகள் சுதந்திரமாகத் திரிகின்றன. ஆகவே அந்தப் பக்கத்து ஆற்றில் கால் நனைக்கிற ஆசை வேண்டாம்.

மேலே போனால் தமிழ்நாட்டு எல்லை முடிந்து கேரளம் தொடங்குகிற இடத்தில் சின்னாறு. 1984-ல் கேரள அரசு அமைத்த வனவிலங்கு சரணாலயம், சுமார் 90 சதுர கிலோமீட்டர். கேரளம் என்றால் கொட்டுகிற மழையும் பச்சைப் பசேலும்தானே நமக்கு நினைவு வரும்? சின்னாறு நேர் எதிர். தென்மேற்குப் பருவ மேகங்கள் மூணாறுப் பக்கமே தங்கள் பாரத்தை இறக்கி வைத்துவிட்டு, வெறுங்கையோடு மலையைத் தாண்டி இங்கே வருகின்றன. ஆகையால் இது மழை மறைவுக் காடு. வருஷத்துக்குச் சுமார் 500 மில்லிமீட்டர் மழைதான். நம் கொங்கு மேட்டுக் காட்டைப் போல முள்ளும் கள்ளியும் கல்லுமாக இருக்கிறது. ஆனால் ஆற்றோரம் மட்டும் நீர்மருது மரங்கள் வானளாவி நிற்கின்றன. அந்த உச்சாணிக் கிளைகளில்தான் சாம்பல் நிற மலையணில் கூடு கட்டுகிறது. வீட்டு அணிலைப் போல நாலைந்து மடங்கு. தன் உடம்பு நீளத்துக்கு வால். தமிழ்நாடு, கேரளம், கர்நாடகத்தில் சில இடங்களிலும் இலங்கையிலும் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லாத பிராணி.

பாம்பாறும் சின்னாறும் ஒன்று சேருகிற இடத்துக்குக் கூட்டாறு என்று பெயர். அங்கிருந்து போகிற நீர்தான் அமராவதி அணையை நிறைத்து, தாராபுரம் வழியாகக் கரூர் சென்று காவிரியோடு கலக்கிறது. கேரளத்தில் ஓடுகிற ஆறுகளில் கிழக்கு நோக்கி நம் பக்கம் வருகிறவை மூன்றே மூன்று: கபினி, பவானி, பாம்பாறு. அந்த மூன்றில் ஒன்றை அதன் பிறந்த வீட்டுப் பக்கம் போய்ப் பார்க்கிற பாக்கியம் இது.

சின்னாற்றில் கேரள வனத்துறை, அந்தக் காட்டிலேயே பிறந்து வளர்ந்த முதுவர், மலைப்புலையர் இனத்து வழிகாட்டிகளோடு நடைப் பயணம் நடத்துகிறது. ஆற்றங்கரை நடை உண்டு. தூவானம் அருவிக்குப் போகிற நடையும் உண்டு. பெரிய பெரிய கற்பலகைகளை நிறுத்தி மேலே மூடி போட்டாற்போன்ற புராதன முனியறைகளையும் அந்தப் பக்கம் காணலாம். நம் தமிழ்நாட்டு எல்லைக்குள்ளும் சின்னாறு சோதனைச் சாவடியிலிருந்து கூட்டாறு வரை ஒரு பாதை இருக்கிறது. 2024 அக்டோபரில் தமிழக வனத்துறை 14 மாவட்டங்களில் 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்தபோது, திருப்பூர் மாவட்டத்தின் பங்காக வந்தது இந்தப் பாதைதான். முன்பதிவு செய்துகொண்டு, பயிற்சி பெற்ற வழிகாட்டியுடன்தான் போக வேண்டும். காட்டுத்தீப் பருவமான கோடைத் தொடக்கத்தில் நிறுத்திவிடுவார்கள். சிறுவர்களுக்குத் தனி விதிகள் உண்டு. பதிவு செய்யும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

மறையூர் வரை போகிறவர்கள் அங்கே காய்ச்சுகிற வெல்லத்தை மறக்க வேண்டாம். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற வெல்லம் அது. காலால் நடந்த களைப்பெல்லாம் அடுத்த நாள் பாயசத்தில் தீர்ந்துவிடும்!

வழிகாட்டி எதற்கு?

"ஆற்றோரம் நடப்பதற்குக் கட்டணம், காவல், வழிகாட்டி, இதெல்லாம் என்ன ஆர்ப்பாட்டம்?" என்று சிலர் கேட்கிறார்கள். கட்டணம் சாதாரணக் குடும்பத்தை யோசிக்க வைக்கிறது என்பது உண்மை. நாலு பேர் வீட்டில் கணக்குப் போட்டால் ஒரு வார மளிகை கண் முன்னால் வந்து நிற்கும். அதைக் குறைக்க வேண்டும் என்று கேட்பது நியாயமே. ஆனால் வழிகாட்டியே வேண்டாம் என்பது நியாயம் ஆகாது.

2018 மார்ச் 11-ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணி மலையில் நடந்ததை நாடே அறியும். மகளிர் தினத்தை ஒட்டிச் சென்னையிலிருந்து ஒரு குழு போயிருந்தது. ஈரோடு, திருப்பூர் பக்கத்திலிருந்து இன்னொரு குழு. இறங்குகிற வழியில் காய்ந்த புல்லில் தீ பிடித்து, காற்றோடு அவர்களைச் சூழ்ந்துகொண்டது. இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களில் பலர் இளம் பெண்கள். அதே ஆண்டு மலையேற்றத்துக்கென்று தமிழக அரசு விதிமுறைகளை வகுத்தது. இன்று மலையேற்றத்துக்கு இருக்கிற கட்டுப்பாடுகளில் பல அந்தத் துயரத்தின் பிறகு வந்தவை.

தீ எந்தப் பக்கம் ஓடும், யானை எந்த வழியாகத் தண்ணீருக்கு இறங்கும், ஒரு குச்சி முறிந்த சத்தத்தில் என்ன அர்த்தம் என்பதெல்லாம் புத்தகத்தில் இல்லை. அந்தக் காட்டில் பிறந்தவனுக்கும் பிறந்தவளுக்கும் தெரியும். நாம் கொடுக்கிற பணத்தில் ஒரு பங்கு அந்த அறிவுக்குக் கூலியாகப் போய்ச் சேருகிறது. காட்டைக் காப்பாற்றினால் பிழைப்பு உண்டு என்று அங்கே ஒரு குடும்பத்துக்கு ஆனால், காட்டுக்கு அதைவிட நல்ல காவல் எது? வழிகாட்டி முன்னால் போகும்போது "அண்ணா, இது என்ன மரம்?" என்று கேளுங்கள். நீங்கள் கேட்டால் அவர் பத்து மரத்துக்குக் கதை சொல்வார்.

பஸ்ஸே உசத்தி!

கார் இல்லையே என்கிற குறையை இத்தோடு விட்டுவிடலாம். காட்டுக்குப் போக பஸ்ஸே உசத்தி என்பது எங்கள் கட்சி. ஏன் என்கிறீர்களா?

காரில் போகிறவர் யானையைக் கண்டால் நிறுத்துவார்; இறங்குவார்; பக்கத்தில் நின்று படம் எடுக்கப் பார்ப்பார். பஸ் டிரைவர் அப்படியெல்லாம் செய்ய மாட்டார். யானை ரோட்டைக் கடக்கிற வரையில் எஞ்சினை உறும விடாமல் காத்திருந்து, வழி கிடைத்ததும் போய்க்கொண்டே இருப்பார். ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிற உங்களுக்குப் பத்திரமான இடத்திலிருந்து தரிசனம்! ஐம்பது பேர் பத்துப் பன்னிரண்டு கார்களில் போனால் காட்டுக்கு எத்தனை புகை, எத்தனை ஹாரன்? ஒரே பஸ்ஸில் போனால் அத்தனையும் மிச்சம். எல்லாவற்றையும்விட, கடைசி பஸ் என்று ஒன்று இருக்கிறதே, அது பெரிய உபகாரி. இருட்டுவதற்குள் காட்டை விட்டு வெளியே வந்துவிடு என்று காதைப் பிடித்துத் திருப்பி அனுப்புகிறது.

பஸ்ஸில் பழகிவிட்டால் அடுத்து டாப் ஸ்லிப்புக்கும் போகத் துணிச்சல் வரும். பொள்ளாச்சியிலிருந்து வண்டி உண்டு. வெட்டிய தேக்கு மரங்களை மலை உச்சியிலிருந்து சறுக்கி விட்ட இடம் ஆகையால் அந்தப் பெயர். வெள்ளைக்காரர் காலத்தில் கப்பலுக்கும் ரயிலுக்கும் வெட்டி வெட்டி மொட்டையாகிப் போன அந்த மலையில் மறுபடி தேக்கை வளர்த்தவர் ஹியூகோ உட் என்கிற வன அதிகாரி. சட்டைப் பை நிறைய விதையைப் போட்டுக்கொண்டு, கைத்தடியால் குழி குத்திக் குத்தி விதைத்துக்கொண்டே நடப்பாராம். 1933-ல் அவர் இறந்த பிறகு, தாம் வளர்த்த மரங்களின் நிழலிலேயே அடக்கம் செய்யப்பட்டார். ஒருவர் நடந்த நடையில் ஒரு காடு திரும்பி வந்தது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் காட்ட அந்தக் கல்லறை அங்கே இருக்கிறது.

பையில் என்ன எடுத்துக்கொள்வது?

பெண்களுக்கென்று சில குறிப்புகள்.

உடுப்பு: புடவை கட்டியே பழகியவர்கள் திருமூர்த்தி மலை ஏறிவிடலாம், கொசுவத்தைச் சற்று உயர்த்திச் செருகிக்கொண்டால் சரி. முள் காட்டு நடைக்குச் சுடிதாரும் முழுக்கை ஜாக்கெட்டும் உத்தமம். வெள்ளையும் பளிச்சென்ற சிவப்பும் காட்டுக்கு ஆகாது. மண் நிறமும் இலைப் பச்சையும் ஏற்றவை. ஏற்றுமதியில் மிஞ்சிய பனியன்கள் மலிந்து கிடக்கிற ஊரில் அந்த நிறத்துக்கா பஞ்சம்?

செருப்பு: வழுக்காத அடியுடைய பழைய ஷூ. புதுச் செருப்பைக் காட்டுக்கென்று வாங்கிப் போட்டுக்கொண்டு போனால் கொப்புளத்தோடு திரும்ப வேண்டியதுதான்.

ஆகாரம்: புளிச்சாதம், எலுமிச்சைச் சாதம், ஊறுகாய், வேர்க்கடலை. வாழையிலையில் கட்டி எவர்சில்வர் டப்பாவில் வையுங்கள். பிளாஸ்டிக் பையைக் கண்டால் சாவடியிலேயே பிடுங்கிக்கொள்வார்கள், அது நல்லதற்குத்தான். உப்பும் சோற்று மணமும் படிந்த பையை மான் தின்றால் அதன் வயிற்றில் அடைத்துக்கொள்கிறது. தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர் வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள்.

வாசனை: மல்லிகைப் பூவும் செண்டும் அன்றைக்கு வேண்டாம். தேன்பூச்சிகளுக்கு உங்கள் கொண்டை மேல் மோகம் வந்துவிட்டால் ஆபத்து.

மற்றொன்று, யாரும் வாய் விட்டுக் கேட்கத் தயங்குவது. கழிப்பிடம். உடுமலை பஸ் நிலையத்திலும், கோயில் அல்லது அணைப் பக்கத்திலும் வேலையை முடித்துக்கொண்டு கிளம்புங்கள். பாதையில் அதற்கு வசதி இராது. அதற்குப் பயந்துகொண்டு தண்ணீர் குடிக்காமலே நடக்கிற பெண்கள் நிறைய உண்டு. அப்படிச் செய்யாதீர்கள், வெயிலில் மயக்கம் வரும். நாலைந்து பெண்களாகச் சேர்ந்து போனால் இந்தச் சங்கடமும் குறையும், மனத்துக்கும் தைரியம்.

கடைசியாக, துணி துவைப்பதும் கறிக் குழம்பும் என்ன ஆகும் என்கிறீர்களா? மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி ஒரு நாள் காத்திருக்கட்டும். குழம்புக்கு வீட்டில் ஆண்பிள்ளைகளும் இருக்கிறார்கள். அத்தைக்கு முழங்கால் வலி இல்லையென்றால் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஆடு மேய்த்துக் காடு மேடெல்லாம் அலைந்த தலைமுறை அது, உங்களுக்கு முன்னால் மலை ஏறி நின்றுகொண்டு, "என்ன அம்மணி, அதுக்குள்ளயே மூச்சு வாங்குது?" என்று கேட்டாலும் கேட்பார்!

திருப்பூரில் பஸ் நிலையங்கள் ஒன்றுக்கு மேல் இருப்பதால், உடுமலை வண்டி எங்கிருந்து புறப்படுகிறது என்பதை சனிக்கிழமையே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். திரும்புகிற கடைசி பஸ்ஸின் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். புளிக்காய்ச்சலை இரவே காய்ச்சி வைத்துவிட்டால் விடியற்காலை அவசரம் இல்லை.